டர்பைன் பிளேடும் மார்பகக் கட்டியும் ஒரே பேராசிரியரின் பட்டியலில்: நம்பிச் சேரலாமா?

சார், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். உங்கள் மகள் மெக்கானிக்கலில் எம்.டெக். முடித்துவிட்டார், பெங்களூரிலேயே பிஎச்.டி. செய்ய ஒரு பேராசிரியர் சம்மதித்திருக்கிறார். அவருடைய கட்டுரைப் பட்டியலைப் பார்த்ததும் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டர்பைன் பிளேடு எப்படிச் சூடாகிறது என்று சில கட்டுரைகள், கலங்கலான திரவத்துக்குள் லேசர் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று சில, ஒளியைச் செலுத்தி மார்பகக் கட்டியைக் கண்டுபிடிப்பது பற்றி நிறைய, நடுவில் ரத்த ஓட்டம். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். ஒரு மெஷினை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவே பாதி சர்வீஸ் போய்விடும்போது, ஒரு மனிதர் இன்ஜினீயரிங், இயற்பியல், மருத்துவம் மூன்றிலும் எப்படி ஆழமாக இருக்க முடியும், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைக்கிற ஆளோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. நான் ஸ்கேன் கருவிகளுக்கான சிக்னல் பிராசஸிங் வேலையில் இருக்கிறேன், ஆராய்ச்சிப் படிப்பும் இந்த ஊரில்தான் செய்தேன். நீங்கள் எழுதிய பட்டியலை மட்டும் வைத்துச் சொன்னால், அந்தப் பேராசிரியர் மூன்று துறைகளில் வேலை செய்யவில்லை. கிட்டத்தட்ட ஒரே ஒரு சமன்பாட்டோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

எப்படி என்று பார்க்கலாம். இரும்புப் பாளத்தின் ஒரு முனையைச் சூடாக்கினால் சூடு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு மெல்லப் பரவும். இதைக் கணக்காக எழுதி 1822-இல் புத்தகமாகக் கொண்டுவந்தவர் ஃபூரியர் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர். இப்போது ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும், ஆனால் உள்ளே இருக்கிற எலும்பின் நிழல் தெளிவாக விழாது. காரணம், சிவப்பும் அதற்குச் சற்று அப்பால் இருக்கிற அகச்சிவப்பும் சதைக்குள் நன்றாகவே நுழைகின்றன, ஆனால் நுழைந்த சில மில்லிமீட்டருக்குள் அங்கங்கே முட்டி, திரும்பி, எந்தத் திசையில் கிளம்பினோம் என்பதையே மறந்துவிடுகின்றன. பனிமூட்டத்தில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் கோடாக வராமல் வெள்ளை மண்டலமாகத் தெரியுமே, அப்படி. திசையை இழந்த ஒளி அதன்பிறகு சூடு பரவுகிற மாதிரியேதான் பரவும். டிஃப்யூஷன் சமன்பாடு என்பார்கள். பாளத்தில் வெப்பநிலை என்று எழுதிய இடத்தில் இங்கே ஒளியின் அடர்த்தி, வெப்பக் கடத்துதிறன் இருந்த இடத்தில் ஒளி பரவுகிற வீதம், அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. உடம்பு இரும்பு கிடையாது, உள்ளே ரத்தம் ஓடுகிறது, அது சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். 1948-இல் ஹாரி பென்னஸ் என்பவர் மனித முன்கையின் வெப்பநிலைகளை அளந்து, ஃபூரியரின் சமன்பாட்டில் ரத்தம் கொண்டுபோகிற சூட்டுக்காக ஒரு கணக்குப் பகுதியைக் கழித்தலாகச் சேர்த்தார். ஒளிக்கான சமன்பாட்டை எழுதும்போதும் அதே இடத்தில் ஒரு கழித்தல் வருகிறது, அது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் விழுங்குகிற ஒளி. இரண்டையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதினால் எழுத்துகள்தான் மாறும், வடிவம் மாறாது. டர்பைன் பிளேடு, லேசர், மார்பகம், ரத்த ஓட்டம், உங்கள் பட்டியலில் இருந்த நான்கும் அந்தத் தாளில் வந்துவிட்டன.

ஏன் மார்பகக் கட்டி? கட்டி வளரும்போது தனக்கென்று புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும். ரத்தம் அதிகமானால் அந்த இடம் ஒளியை அதிகமாக விழுங்கும். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் வேறு வேறு அலைநீளங்களை விழுங்குவதால், இரண்டு நிற ஒளியைச் செலுத்தினால் ரத்தம் எவ்வளவு என்பதோடு அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதும் தெரியும். கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர், அதில் இருப்பது இதே யோசனைதான்: 660 நானோமீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு, 940-ஐ ஒட்டி ஓர் அகச்சிவப்பு விளக்கு. 1970-களின் தொடக்கத்தில் அதை யோசித்தவர் டக்குவோ அவோயாகி என்ற ஜப்பானிய இன்ஜினீயர்.

கஷ்டம் எங்கே என்றால், கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். உள்ளே கட்டி எங்கே என்று தெரிந்தால் வெளியே எவ்வளவு ஒளி வரும் என்று கணக்கிடுவது நேர்வழி. நிஜத்தில் வெளியே தோலின் மேல் வைத்த உணரிகளின் அளவுதான் கையில் இருக்கும், அதை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். பிளேடிலும் அப்படியே, வெளியே சில இடங்களில் தெர்மோகப்பிள் என்கிற வெப்பநிலை உணரி வைத்து, உள்ளே எங்கே எவ்வளவு சூடு ஏறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அளவீட்டில் ஒரு சின்னப் பிசகு நுழைந்தாலும் விடையில் பெரிய பூதம் கிளம்பும். அந்தப் பூதத்தைக் கட்டுக்குள் வைக்கிற கணித முறைகளில் முக்கியமான ஒன்றை 1963-இல் திகோனோவ் என்ற ரஷ்யக் கணிதவியலாளர் வெளியிட்டார். உங்கள் பேராசிரியரின் உண்மையான தொழில் இந்தத் தலைகீழ்க் கணக்குதான் என்பது என் கணிப்பு.

சரி, ஒரே கணக்கைப் பல இடத்தில் போடுவதை மட்டும் வைத்து ஒருவரை ஆழமானவர் என்று சொல்லிவிடலாமா? கூடாது. நான் பார்க்கிற அளவுகோல் வேறு. ஒரு முறையைப் புது இடத்துக்குக் கொண்டுபோனால் அந்த இடம் அந்த முறையை எதிர்த்து நிற்கும், மாறச் சொல்லும். மாறியதா என்று பார்க்க வேண்டும். பல வருஷம் பல துறைகளில் சுற்றிய பிறகும் ஒருவரின் முறை முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தால் எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும்.

உங்கள் பக்கத்து உதாரணத்திலேயே ஆரம்பிக்கிறேன். வெல்டிங்கிலோ வார்ப்பிலோ உள்விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசோனிக் கருவியை வைத்துத் தட்டுவது உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். கிளாஸ்கோ நகரத்தில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், 1955-இல், அறுவை செய்து எடுத்த கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் போட்டுக்கொண்டு பாய்லர் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே உலோக விரிசல் பார்க்கிற கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் வைத்திருந்தார்கள். நீர்க்கட்டிக்கும் கெட்டியான கட்டிக்கும் எதிரொலி வேறுபட்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினீயர் அவரோடு சேர்ந்தார், கருவியையே மாற்ற வேண்டியிருந்தது. சதையிலிருந்து வரும் எதிரொலி உலோகத்தைப் போலப் பளிச்சென்று வராது. கருவிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளேயே போகாது, அதனால் முதலில் தண்ணீர்த் தொட்டி, பிறகு எண்ணெய் தடவி நேரே வயிற்றின் மேல். 1958-இல் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. இன்றைக்குக் கர்ப்பிணிகளுக்கு ஜெல் தடவி ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்த ஜெல் வரைக்கும் தொடர்ச்சி இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். ஒரே ஆள் மூன்று துறையா என்று யார் கேட்டாலும் நான் ஜி.என். ராமச்சந்திரன் பெயரைத்தான் சொல்வேன். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு, நம் ஊரில் எல்லோரும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்கிற இடத்துக்கு வந்தார். சேர்ந்தது எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்கில். அங்கே இருந்த சி.வி. ராமன் பையனின் திறமையைப் பார்த்து இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். அப்புறம் கேம்பிரிட்ஜ் போய், படிகங்களில் எக்ஸ்-ரே எப்படிச் சிதறுகிறது என்பதை வைத்து அந்தப் படிகம் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்று கணக்கிடுகிற வேலை. இதுவரை உயிரியல் வாசனையே இல்லை.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டது, துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் காலம். கிண்டியில் இயற்பியல் துறை. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றால் கொலாஜன்தானே, நம் தோலும் எலும்பும் தசைநாணும் நிற்பது அந்தப் புரதத்தால். கங்காரு வாலின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் எக்ஸ்-ரேயில் நல்ல படம் கொடுத்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-லும் 1955-லும் அவர் சொன்ன விடை, கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு என்பது. மூன்றில் ஓர் இடத்தில் கட்டாயம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கயிற்றின் நடுவில் வேறு எதற்கும் இடம் போதாது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அடுத்த கட்டம்தான் பெரிது. இங்கிலாந்திலிருந்து ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் ஆட்சேபித்தார்கள்: உங்கள் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருக்கமாக நிற்கின்றன, அப்படி நிற்க முடியாது. ராமச்சந்திரன் கோபித்துக்கொண்டு பழைய வேலைக்குத் திரும்பிவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று அதுவரை வெளியான படிகக் கட்டமைப்புகளையெல்லாம் தேடித் தேடித் தொகுத்தார்கள். அந்தத் தூரங்களை வைத்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் அவர் வெளியிட்ட அந்தப் படத்துக்குத்தான் இன்று ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். உலகத்தில் எங்கே புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அது சரியா என்று சோதிக்க இந்த வரைபடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். உயிரியல் போட்ட ஆட்சேபத்தால் இயற்பியலாளர் ஒருவரின் முறையே மாறி, அதிலிருந்து முதல் கண்டுபிடிப்பைவிடப் பெரியது ஒன்று வந்தது.

அதோடு நிற்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பெங்களூர் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். 1971 செப்டம்பரில் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து ஒரு கட்டுரை. பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ்-ரே நிழல்களை வைத்து உள்ளே இருப்பதைப் படமாகத் திரும்பக் கட்டுவது எப்படி என்பது விஷயம். லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற எலக்ட்ரிக்கல் இன்ஜினீயர் செய்த சி.டி. ஸ்கேனரில் முதல் நோயாளியைப் படுக்க வைத்தது அதே வருஷம் அக்டோபர் 1. இரண்டு இடமும் ஒன்றையொன்று பார்த்துச் செய்யவில்லை.

இவர்கள் செய்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், மகளுக்கும் உதவும். ஒரு தட்டின் நடுவில் பேரிங்கிலிருந்து எடுத்த ஒரே ஒரு இரும்புக் குண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எக்ஸ்-ரே அடித்தாலும் வரிசையாக வருகிற அளவுகளில் நடுவில் மட்டும் 1, மற்ற இடமெல்லாம் 0. இந்த வரிசையை வந்த திசையிலேயே திரும்பத் தட்டின் மேல் இழுத்துப் பூசினால் ஒவ்வொரு திசைக்கும் ஒரு கோடு விழும், எல்லாக் கோடும் நடுவில் வெட்டும். நடுவில் பளிச்சென்று இருக்கும், ஆனால் சுற்றிலும் ஒரு மங்கல் வட்டம் படர்ந்திருக்கும். இரண்டு குண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிரித்துப் பார்க்கவே முடியாது. இவர்கள் சொன்ன வழி: பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு அளவையும் அதன் அக்கம்பக்கத்தோடு கலந்துவிடு. தன் இடத்துக்கு 1/4, இரண்டு பக்கமும் அடுத்த இடத்துக்கு மைனஸ் 0.101, அதற்கடுத்தது பூஜ்யம், மூன்றாவது மைனஸ் 0.011, மறுபடி பூஜ்யம், ஐந்தாவது மைனஸ் 0.004, இப்படியே. இந்த மைனஸ் எண்கள் பூசும்போது அந்த மங்கல் வட்டத்தைச் சரியாகத் தின்றுவிடும். அதுவரை இதைச் செய்ய ஃபூரியர் உருமாற்றம் எடுத்து, இடைச்செருகி, திரும்ப மாற்றி என்று கணினியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். இங்கே வெறும் பெருக்கலும் கூட்டலும். ஹவுன்ஸ்ஃபீல்டின் ஆரம்பப் பரிசோதனையில் ஒரு பொருளை ஸ்கேன் செய்ய 9 நாள், சுமார் 28,000 அளவுகளை வைத்துப் பெரிய கணினியில் படம் கட்ட இரண்டரை மணி நேரம் ஆனது. கணக்கு எளிதாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து தெரியும். பிறகு வந்த ஸ்கேனர்கள் இந்த வடிகட்டல் வழிக்கே வந்தன. மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஐராடான் என்ற கட்டளையைக் கொடுத்து, எந்த வடிகட்டி என்று சொல்லாமல் விட்டால், அது தானாக எடுத்துக்கொள்வது ராம்-லக், அதாவது ராமச்சந்திரன்-லட்சுமிநாராயணன். மகள் இன்றைக்கே ஓட்டிப் பார்க்கலாம்.

மருத்துவர்கள் உடன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் ஆலன் கார்மாக். கேப் டவுனில் இயற்பியல் விரிவுரையாளர், 1956-இல் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு வேலையைப் பகுதி நேரமாகப் பார்க்கப் போய், இந்த நிழல் கணக்கு அவருக்குத் தோன்றியது. நடுவில் அலுமினிய வட்டு, சுற்றிலும் மரம் என்று ஒரு மாதிரி செய்து அளந்தார். வட்டின் மையத்தில் மட்டும் அளவு கொஞ்சம் பிசகியது. விசாரித்தால், கடைசல் பிடித்தவர் மையத்தில் வேறு அலுமினியத்தில் ஒரு சின்ன முளை வைத்திருந்தார், அதைக்கூட அவருடைய கணக்கு கண்டுபிடித்துவிட்டது. டூல் ரூம்காரர் நீங்கள், இது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் 1963-லும் 1964-லும் அவர் கட்டுரை போட்டபோது மருத்துவத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுரைப் பிரதி கேட்டு எழுதியவர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி மையம். 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசு கிடைத்தது உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கை நோயாளியிடம் கொண்டுபோனது அவருடைய கட்டுரைகள் இல்லை.

அதனால்தான் உங்கள் மகள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் கட்டுரைகளில் மருத்துவர்களின் பெயர் இருக்கிறதா, ஒரே மருத்துவர் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறாரா என்பது. ஒரு தடவை வந்து காணாமல் போனால், மருத்துவமனைக்கு அந்த வேலையில் பயன் தெரியவில்லை என்று நினைக்க இடமிருக்கிறது. திரும்ப வந்தால், இவர் சொன்ன ஏதோ ஒன்று அங்கே எடுபடுகிறது. பெங்களூரில் இப்படி மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்வது சுலபம் இல்லை. இந்திய அறிவியல் கழகம் இருக்கும் யஷ்வந்த்பூர் பக்கத்திலிருந்து ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கோ கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ போய் வருவதே ஒரு அரை நாள் வேலை. இந்திய அறிவியல் கழக வளாகத்துக்குள்ளேயே 800 படுக்கை மருத்துவமனையும் மருத்துவப் படிப்பும் என்று 2022-இல் 425 கோடி ரூபாய் நன்கொடையோடு அறிவித்ததற்குக் காரணமும் இந்த இடைவெளியை மூடுவதுதான்.

இரண்டாவது, சோதனை எதன் மேல் நடந்தது. இந்தத் துறையில் எல்லோரும் முதலில் ஃபேன்டம் என்கிற போலிச் சதையில்தான் தொடங்குவார்கள். அகார் கரைத்து, ஒளியைச் சிதற வைக்க இன்ட்ராலிப்பிட் (சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியே ஏற்றுகிற கொழுப்புப் பால்), ஒளியை விழுங்க இந்தியன் இங்க் சில துளிகள். சூடு சரியாக இருக்கும்போதே அச்சில் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே குமிழி நின்றுவிடும், குமிழி இருந்தால் அளவெல்லாம் வீண். நடுவில் இங்க் கொஞ்சம் கூடுதலாகக் கலந்த ஓர் உருண்டை, அதுதான் கட்டி. இதில் அழகான படம் வரும். அழகான படம் வந்ததோடு பல ஆராய்ச்சிகள் நின்றும் விடும். ஏனென்றால் ஃபேன்டம் மூச்சு விடாது, பயப்படாது, ஒவ்வொன்றும் வேறு வேறு உருவத்தில் இருக்காது. நான் படித்த காலத்தில் மருத்துவமனையில் கருவி ஓ.பி. முடிந்து ராத்திரிதான் கிடைக்கும். கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் அங்கே டெக்னீஷியனாக இருந்தார், நோயாளிகளிடம் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பேசி அமைதியாக உட்கார வைப்பார். உணரியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அந்த இடத்து ரத்தம் ஒதுங்கி அளவு மாறிவிடுகிறது என்று திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து முதலில் சொன்னவர் அவர்தான். அதற்கப்புறம் எங்கள் கணக்கில் அழுத்தமும் ஓர் அளவாக உள்ளே வந்தது. ஃபேன்டமை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அந்த மாற்றம் வந்தே இருக்காது.

ஆக, பேராசிரியரின் மார்பகக் கட்டுரைகளில் பழையது ஒன்று, புதியது ஒன்று எடுத்து, முடிவுரையை விட்டுவிட்டு, எப்படிச் செய்தார்கள் என்ற பகுதியை மட்டும் மகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். பழையதில் இல்லாத ஒரு திருத்தம் புதியதில் இருக்கிறதா, அது நோயாளிகளிடமிருந்து வந்ததா? தோலின் நிறம் ஒளியை விழுங்குகிறதே, அதைக் கணக்கில் எடுத்திருக்கிறாரா? நம் நாட்டில் இந்த வேலையைச் செய்கிறவர் அதை விட்டிருந்தால் நான் யோசிப்பேன்.

எதிர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது அது நிறைய இருக்கிறது. ஒரே நியூரல் நெட்வொர்க்கை (படங்களையும் அளவுகளையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) எடுத்து, இணையத்தில் கிடைக்கிற படத்தொகுப்புகளில், இந்த மாதம் கல்லீரல், அடுத்த மாதம் தக்காளி இலை நோய், அதற்கடுத்து பேரிங் அதிர்வு என்று கட்டுரை போடுகிறவர்கள். பட்டியல் அகலமாகத் தெரியும். ஆனால் கல்லீரலிலிருந்து கற்ற எதுவும் பேரிங்குக்கு வரவில்லை, பேரிங்கிலிருந்து எதுவும் இலைக்குப் போகவில்லை. அந்த மாதிரி இடத்தில் நாலைந்து வருஷத்தைக் கொடுக்க வேண்டாம் என்று எந்தப் பிள்ளையிடமும் நேராகவே சொல்வேன். உங்கள் பேராசிரியர் அந்த வகையாகத் தெரியவில்லை.

மெக்கானிக்கல் படித்த பெண் மருத்துவத்தில் போய் என்ன செய்வார் என்றும் கேட்டிருந்தீர்கள். குழாயில் திரவம் ஓடுவதற்கு இன்ஜினீயரிங் மாணவர்கள் படிக்கிற பாய்சில் விதியைக் கண்டுபிடித்தவரே ஒரு மருத்துவர்தான், 1840-களில், ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓட்டி அளந்தவர். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும் என்று அவர் சொன்னது பம்புக்கும் பொருந்தும், இதயக் குழாய்க்கும் பொருந்தும். மகளிடம் வெப்பக் கடத்தல் கைவசம் இருக்கிறது, அது பெரிய மூலதனம். முதல் வருஷம் லீனியர் அல்ஜீப்ராவை மறுபடி அடித்தளத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள், கூடவே ரத்தம், ஹீமோகுளோபின், மார்பகத்தின் அமைப்பு பற்றி மருத்துவ மாணவர்கள் படிக்கிற பாடநூலையே படிக்கட்டும், இன்ஜினீயர்களுக்காகச் சுருக்கியது வேண்டாம்.

சேருவதற்கு முன் பேராசிரியரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. மருத்துவமனையோடு ஒப்பந்தமும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் ஏற்கெனவே இருக்கிறதா, இல்லை மகள் வந்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டுமா? பிந்தையது என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் ஃபேன்டமில் என்ன செய்வது என்று திட்டம் இருக்க வேண்டும். மருத்துவர் ஒருவரை இணை வழிகாட்டியாகப் போட முடியுமா? இதற்கு அவர் சந்தோஷமாகச் சம்மதித்தால் நல்ல அறிகுறி, தயங்கினால் காரணம் கேட்கலாம், அதில் தப்பில்லை.

அப்புறம், அவருடைய மாணவர் யாராவது ஆய்வேட்டை முடித்து வாய்மொழித் தேர்வுக்கு வருகிறாரா என்று விசாரியுங்கள். பொதுவாக அது திறந்த அரங்கில் நடக்கும், வெளியாட்களும் போய் உட்காரலாம். மகளோடு நீங்களும் போங்கள் சார், பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை. கேள்வி நேரத்தில் யாராவது உடம்பைப் பற்றி ஒன்று கேட்பார்கள். அப்போது மாணவர் தானே யோசித்துப் பதில் சொல்கிறாரா, அல்லது பேராசிரியர் குறுக்கே புகுந்து அவருக்காகப் பதில் சொல்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.